பேசோர் ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு
(வேத பாடம்: 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரம்)



முதலில் வேதாகமத்தைத் திறந்து இந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள். கன்வென்ஷன் கூட்டங்களில் இதன் ஆறாம் வசனத்தையும் எட்டாம் வசனத்தையும்தான் அதிகமாகப் பிரசங்கிக்கிறோம். எல்லாம் போய்விட்ட வேளையில் தாவீது கர்த்தரிடத்தில் பெலன் பெற்றான், இழந்ததையெல்லாம் திருப்பிக்கொண்டான். அல்லேலூயா! ஆனால் பத்தாம் வசனத்தில் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்ட இருநூறு பேரைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

நடந்தது இதுதான். தாவீதும் அவனோடிருந்த அறுநூறு பேரும் வெளியே போயிருந்த சமயத்தில் அமலேக்கியர் சிக்லாகுக்குள் புகுந்து ஊரைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடி விழுந்தது யுத்தத்துக்குப் போனவர்கள்மேல் அல்ல, வீட்டில் இருந்தவர்கள்மேல். திரும்பி வந்த வீரர்கள் அழுவதற்குத் தெம்பு இல்லாமல் போகும்வரை அழுதார்கள். பிறகு துரத்திக்கொண்டு போனபோது இருநூறு பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் மூட்டைமுடிச்சுகளோடு கரையிலேயே தங்கினார்கள். நானூறு பேர் ஜெயித்துத் திரும்பினார்கள். அப்போது அவர்களில் சிலர், "பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கினு போகட்டும், கொள்ளைப் பொருளில் இவங்களுக்குப் பங்கு கிடையாது" என்கிற மாதிரி பேசினார்கள். வேதம் அவர்களுக்கு நல்ல பெயர் கொடுக்கவில்லை, கவனியுங்கள். தாவீது மறுத்துவிட்டான். போனவனுக்கு எவ்வளவோ, சாமான்களைக் காத்தவனுக்கும் அவ்வளவே. அன்று முதல் அது இஸ்ரவேலில் சட்டமாயிற்று (24, 25 வசனங்கள்).

வீட்டில் இருப்பவர்களின் உழைப்பையும் யுத்தத்தின் கணக்கில் சேர்த்த சட்டம் அது. நம் சபையில் அந்தச் சட்டம் நடக்கிறதா என்பதுதான் இம்மாதம் என் பாரம்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நம் பகுதியிலிருந்து கடற்படைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் அரக்கோணத்திலேயே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் 1992 முதல் இருக்கிறது. மாலுமியாகச் சேருகிறவன் முதலில் ஒடிசாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவுக்குப் பயிற்சிக்குப் போகிறான். பிறகு விசாகப்பட்டினமோ மும்பையோ கொச்சியோ, அங்கிருந்து கப்பல். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். அங்கே பட்டாளத்துக்காரர் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அதனால் ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். தாமல் அப்படி இல்லை. இங்கே தறியும் நிலமும் தெரியும், கப்பல் தெரியாது. "ராத்திரி போன் பண்ணலாமே, ஏன் பண்ணலை?" என்று அந்தப் பெண்ணையே கேட்கிறோம்.

ஏன் போன் வருவதில்லை? நடுக்கடலில் டவர் கிடையாது. அதோடு, 2019 டிசம்பரில் கடற்படை தன் போர்க்கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட் போனையும் பேஸ்புக்கையும் தடை செய்தது. மாலுமிகள் சிலர் எதிரி நாட்டு உளவு வலையில் சிக்கிக் கைதானதால் வந்த உத்தரவு அது. ஆகவே பேசாமல் இருப்பது பாசம் குறைந்ததால் அல்ல. கப்பல் எங்கே என்று மனைவிக்கும் சொல்லக்கூடாது. 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்க நம் கப்பல்கள் மாறி மாறிக் காவலுக்குப் போகின்றன. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா நம் கரையிலிருந்து ஏறக்குறைய 2600 கிலோமீட்டர் தூரத்தில் கடத்தப்பட்ட ஒரு சரக்குக் கப்பலை மறித்து, 40 மணி நேரப் போராட்டத்தில் 35 கொள்ளையரைப் பிடித்து, 17 மாலுமிகளை உயிரோடு மீட்டது. நாமெல்லாரும் டிவியில் பார்த்துக் கைதட்டினோம். அந்த 40 மணி நேரமும் கப்பலில் இருந்தவர்களின் வீட்டில் எப்படி இருந்திருக்கும்? 2020-ல் கொரோனா காலத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரானிலிருந்தும் ஜனங்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஈரானில் தவித்த நம் மீனவர்களும் அதில் வந்தார்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்களின் சொந்த வீடுகள் அப்போது ஊரடங்கில் தனியே கிடந்தன.

வேதத்திலும் நீண்ட கப்பல் பயணம் உண்டு. சாலொமோனின் தர்ஷீஸ் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்பி வந்தன (1 இராஜா. 10:22). பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் எல்லாம் எழுதியிருக்கிறது. மூன்று வருஷம் எசியோன்கேபேர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எப்போதும் அப்படித்தான்.

இனி மனசுக்குக் கஷ்டமான ஒரு பகுதிக்கு வருகிறேன். 2 சாமுவேல் 11. பேசோரில் இவ்வளவு நியாயமாய்ச் சட்டம் போட்ட அதே தாவீது, சில வருஷம் கழித்து, ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் தான் மட்டும் எருசலேமில் தங்கிவிட்டான். பத்சேபாள் யார்? யுத்தத்துக்குப் போன ஒரு போர்வீரனின் மனைவி. உரியா சாதாரணப் போர்வீரனும் அல்ல, தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் கடைசியாக நிற்கிற பேர் அவனுடையது (2 சாமு. 23:39). லீவில் வரவழைத்தபோதும், கூட்டாளிகள் கூடாரத்தில் கிடக்கிறபோது எனக்கு வீடு எதற்கு என்று அரண்மனை வாசலிலேயே படுத்தவன். அவன் இல்லாத வீட்டைக் காக்க வேண்டிய ராஜாதான் அந்த வீட்டைக் கெடுத்தான்.

நாத்தான் வந்து விரலை நீட்டியது யாரிடம்? தாவீதிடம். "நீ ஏன் அங்கே குளித்தாய்" என்று அந்த ஸ்திரீயைக் கேட்கவில்லை. உவமையில் அவள் களவுபோன ஆட்டுக்குட்டி. மத்தேயு முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவருடைய வம்ச அட்டவணையிலும் பரிசுத்த ஆவியானவர் உரியாவின் பேரை எழுதிவைத்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? புருஷன் கப்பலில் இருக்கிற சகோதரி பவுடர் போட்டு வந்தால் ஒரு பேச்சு; ஒரு ஞாயிறு வரவில்லையென்றால் ஒரு பேச்சு; மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தால் அதற்கும் ஒரு பேச்சு. ஜெபக்குறிப்பு என்ற பேரில் புறங்கூறுகிறவர்களும் உண்டு. சகோதரிகளே, அவளைக் காவல் காக்கச் சொல்லி வேதம் நமக்குச் சொல்லவில்லை. காவல் வேண்டியது அரண்மனை மாடிக்குத்தான். சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வீட்டுக்கு உதவிக்குப் போனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது இரண்டு பேராய்ப் பகலிலே போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தரிசனக்காரர்கள் விஷயம். "சிஸ்டர், கப்பல் ஆடுறதைப் பார்த்தேன், உபவாசம் பண்ணுங்க" என்று ஒரு ஆத்துமா சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடும். கேட்டவள் மூன்று ராத்திரி தூங்கமாட்டாள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 விமானம் 29 பேரோடு வங்காள விரிகுடாவின்மேல் காணாமல் போனது. சென்னைக்குக் கிழக்கே சுமார் 310 கிலோமீட்டரில், 3400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் என்று நம்பப்படுகிறவை கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. ஏழரை வருஷம்! அப்படிக் காத்திருக்கிற ஒரு வீட்டுக்குள் போய், கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் பேரில் சொல்வது எத்தனை பயங்கரம்! தங்கள் இருதயத்தில் தோன்றியதைத் தரிசனம் என்று சொன்னவர்களைப் பற்றி எரேமியா 23-ல் வாசியுங்கள். பயமுறுத்துகிற தரிசனமானாலும் சரி, "ஒண்ணும் ஆகாது, எனக்கு வாக்குத்தத்தம் வந்தாச்சு" என்கிற தைரியமானாலும் சரி, முதலில் மூப்பரிடத்தில் சொல்லுங்கள். வரம் தணிந்துபோகாது. சங்கீதம் 107-ல் கப்பலேறிப் போகிறவர்களைப் பற்றிய பகுதி இருக்கிறது, 23 முதல் 30 வரை. அதை அந்த வீட்டில் உட்கார்ந்து சத்தமாய் வாசித்து ஜெபியுங்கள், அது போதும்.

ஜெபக்குறிப்பில் கப்பலின் பேர், போகிற துறைமுகம், திரும்புகிற தேதி எதையும் எழுதாதீர்கள். வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள். இந்தப் பத்திரிகையிலும் "கடலில் ஊழியம் செய்கிற நம் பிள்ளைக்காக" என்று மட்டும் வரும். கர்த்தருக்கு அட்ரஸ் தெரியும்.

சரி, வேறென்ன செய்யலாம்? ஒரு சகோதரி என்னிடம் சொன்னது: "ஐயா, எல்லாரும் வந்து ஜெபம் பண்றாங்க, சந்தோஷம்தான். யாராவது ஒருத்தர் கொழந்தைய அரை மணி நேரம் வெச்சிக்கினா நான் தலைக்குக் குளிச்சிடுவேன்." யாக்கோபு 2:15, 16-க்கு இதைவிட நல்ல வியாக்கியானம் எனக்குத் தெரியவில்லை.

நெசவுக் குடும்பங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் உடலுக்கு நாடா போடும்போது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும். அந்த ஆள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். கப்பல்காரர் வீட்டில் அந்த இடம் காலியாய் இருக்கிறது. வாரம் ஒருநாள், ஒரே நாள், ஒரே குடும்பம் போய் அங்கே உட்காரட்டும். முதல் மாதம் இருபது பேர் போய், மூன்றாம் மாதம் ஒருவரும் போகாமல் இருப்பது நம் பழக்கம். பயணம் நீளமானது, கஷ்டம் கூடுவது மூன்றாம் மாதத்துக்குமேல்தான்.

அவர் புறப்படுமுன் சபையிலுள்ள விவரம் தெரிந்த வாலிபர் ஒருவர் அந்த வீட்டோடு உட்கார்ந்து சில காரியங்களைச் சரிபார்க்கலாம். பேங்க் கணக்கு, காஸ் புக்கிங், பள்ளிக்கூடம் எல்லாம் அவருடைய போன் நம்பரில் இருந்தால், ஓ.டி.பி. நடுக்கடலுக்குப் போய்விடும். மனைவி பேரில் கூட்டுக் கணக்கும் அவள் நம்பரும் இருக்கட்டும். குடும்பத்தாருக்கான மருத்துவ அட்டை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. நிலத் தகராறு, பட்டா விவகாரம் வந்தால் காஞ்சிபுரத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். பேர் "முன்னாள்" என்றிருந்தாலும், இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்காகவும் மனுவை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்வது அவர்கள் வேலை. சேவையில் இருப்பதால் கோர்ட்டுக்கு வர முடியாத படைவீரருக்கு எதிராய் ஒருதலைப்பட்சமாய்த் தீர்ப்பாகாமல் காக்க 1925-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, வக்கீலிடம் கேளுங்கள்.

மனைவிமாரை மட்டும் நினைத்து எழுதிக்கொண்டு போகிறேன். 2022-க்குப் பிறகு சேருகிற அக்னிவீர் பிள்ளைகள் கலியாணமாகாதவர்கள்; அங்கே காத்திருப்பது தாயும் தகப்பனும். தகப்பன் அழமாட்டார், ஆனால் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துவிடுவார். போகிறவர்கள் புருஷர்கள் மட்டும் என்றும் இல்லை. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி பாய்மரப் படகில் புறப்பட்டு, 2025 மே மாதம் உலகத்தைச் சுற்றித் திரும்பிய இருவரும் பெண் அதிகாரிகள். ஒருவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்தவர். எட்டு மாதம் இரண்டே பேர்!

கடைசியாக, அவர் திரும்பி வருகிற நாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைப்போம். கைக்குழந்தை தகப்பனைப் பார்த்து அழும். ஆறு மாதமாய்க் குடும்பத்தைத் தனியே இழுத்தவளிடம், வந்த மூன்றாம் நாளே "ஏன் இதை என்னைக் கேக்காம செஞ்ச?" என்ற கேள்வி வரும். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. நியாயப்பிரமாணத்தில் புதிதாய்க் கலியாணமானவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பாமல், மனைவியைச் சந்தோஷப்படுத்த வீட்டிலேயே விடச் சொன்ன தேவன் நம் தேவன் (உபா. 24:5). ஆகவே வந்த வாரமே அவரை மேடையேற்றிச் சாட்சி கேட்காதீர்கள், வாலிபர் கூட்டத்துக்குப் பொறுப்புக் கொடுக்காதீர்கள், கேன்டீன் சாமானுக்கு லிஸ்டும் கொடுக்காதீர்கள். முதல் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லையென்றால் விசாரிக்க யாரும் போக வேண்டாம். ஏரிக்கரையில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தால், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உங்கள் சைக்கிளை நிறுத்தாமல் போங்கள்.