ஹை-ஹேட்டை அப்புறம் பார்க்கலாம்

ட்ராப் பீட் செய்யப் புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் ஹை-ஹேட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். படபடவென்று உருளும் அந்தச் சத்தம்தானே காதில் சட்டென்று விழுகிறது! அரை நாள் அதிலேயே கரைந்துவிடும். பீட்டைத் தாங்குவதோ அடியில் கிடக்கும் 808.

ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 தாள இயந்திரம், நிஜ டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலராலும் ஒதுக்கப்பட்டது. 1983-இல் உற்பத்தியும் நின்றது. ஆனால் அதன் கிக் ஒலியை விருப்பம்போல் இழுத்து நீட்ட முடியும். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ராப் இசை அந்த இழுவையையே பாஸாக எடுத்துக்கொண்டது. அட்லாண்டாவின் டி.ஐ. 2003-இல் வெளியிட்ட 'ட்ராப் மியூசிக்' ஆல்பம் இந்தப் பாணியின் பெயரைப் பரப்பியது.

இழுபடும் ஒலி என்றால் அதற்குச் சுருதி உண்டு. சுருதி சேர்க்காத மிருதங்கத்தோடு யாரும் கச்சேரியில் உட்காருவதில்லை. 808-க்கும் அதே சட்டம்தான். மெலடி எஃப் மைனரில் இருக்க, 808 வேறெங்கோ உறுமினால், எங்கே பிசகு என்று புரியாமலே கேட்பவர் முகம் சுளிப்பார். அவ்வளவு கீழே காதுக்குச் சுருதி எளிதில் பிடிபடாது. அதனால் 808 வரியை இரண்டு ஆக்டேவ் மேலே ஏற்றி மெலடியோடு கேட்டுப் பார்த்து, சரிசெய்தபின் இறக்குவது நல்லது. எத்தனை டியூனர் ப்ளகின் வந்தாலும் என் நம்பிக்கை இந்த வழியில்தான்.

அடுத்த தொல்லை போன் ஸ்பீக்கர். எஃப் ஸ்வரத்தில் ஒலிக்கும் 808-இன் அடிப்படை அதிர்வு 44 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். போனில் அது வராது. சற்று சாச்சுரேஷன் சேர்த்தால் 88, 132 ஹெர்ட்ஸ் என்று மேல் அதிர்வுகள் பிறந்து, காது பாஸைக் கண்டுகொள்ளும். ஒரு 808 ஸ்வரம் முடியுமுன் அடுத்தது ஏறினால் ஒலி குழம்பும். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் 'கட் இட்செல்ஃப்' என்ற வசதி இருப்பது இதற்காகத்தான்.

வேகம் 140 பிபிஎம் வைத்து, ஸ்னேரை ஒவ்வொரு பாரிலும் மூன்றாம் அடியில் மட்டும் போட்டால் பாட்டு 70-இல் நடப்பதுபோல் கனமாக நகரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹை-ஹேட். எல்லா இடத்திலும் உருட்டினால் சலிப்புத்தான். இரண்டாவது அல்லது நான்காவது பாரின் முடிவில் ஓர் உருட்டல் போதும். பீட் தயாரிப்பாளர் லெக்ஸ் லூகர் எஃப்எல் ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு 2010-இல் செய்த 'ஹார்ட் இன் டா பெயின்ட்' பாடலை இந்தக் காதோடு ஒருமுறை கேட்கலாம்.

அதில் செய்து பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எஃப்எல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டை மறுபடி திறக்க முடியாது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

சாம்பிள் எடுப்பவர்களுக்கு ஒரு கதை. நெதர்லாந்து இளைஞர் யங்கியோ, நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் இசைத்துண்டு ஒன்றை வைத்துச் செய்த பீட்டை ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கினார். அதுதான் 'ஓல்ட் டவுன் ரோட்'. 2019-இல் பில்போர்டில் 19 வாரம் முதலிடம். பிறகு மூல இசைக்காரர்களான ட்ரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் பெயர்களும் பாடலில் சேர்ந்தன. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருப்பவர்களுக்கு, இப்படியொரு நாள் வந்தால் வக்கீலிடம் பேசுவது சுலபம்.