அவன் யார்?

ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதில், ‘கண்ணன் நேற்று வேலனைக் கண்டு, அவனுடைய தந்தை கடும் நோயுற்றிருப்பதாகச் சொன்னான்’ என்று ஒரு வரி காணப்படுகிறது. கடிதத்தைப் பெற்றவன் இரு குடும்பத்திற்கும் உறவினன். இரவு வண்டிக்கு இன்னும் ஒரு நாழிகையே உள்ளது. கண்ணனுடைய தந்தை வடக்கே ஓர் ஊரில் வாழ்கிறார். வேலனுடைய தந்தை தெற்கே வேறோர் ஊரில் வாழ்கிறார். எந்த வண்டியில் ஏறுவது? வரியை மும்முறை படித்தும் அவனுக்கு விடை கிடைக்கவில்லை.

‘தன்னுடைய தந்தை’ என்று எழுதப்பட்டிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. அது கண்ணனுடைய தந்தையையே குறிக்கும். ‘தான்’ என்னும் சொல் எழுவாயோடு ஒட்டி நிற்பது தமிழின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. ‘அவனுடைய’ என்று எழுதியமையால் அது வேலனுடைய தந்தையாகவே இருத்தல் வேண்டும் என்று இலக்கணம் கற்றோர் வாதிடக்கூடும். ஆயினும் அவசரத்தில் கடிதம் எழுதுவோர் அத்துணை நுட்பம் பார்த்து எழுதுவதில்லை. அன்றியும், முந்தைய கடிதத்தில் பேசப்பட்ட மூன்றாம் ஒருவனையும் அந்த ‘அவன்’ சுட்டலாம். ‘அவன்’ என்பது ஒரு வெற்றுக்கலம். பேசுவோன் அதனை நீட்டுகிறான். கேட்போனே அதில் பொருளை இட்டு நிரப்பிக்கொள்கிறான். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகவே நிரப்பிவிடுவதால், அவ்வாறு நிரப்புவதே அவனுக்குத் தெரிவதில்லை. எஞ்சிய முறைகளில்தான் வண்டி மாறி ஏற நேர்கிறது.

இவ்வெற்றுக்கலங்களுக்கெல்லாம் விதி வகுத்து, எந்தக் கலத்தில் எப்பொருள் நிற்கும் என்பதை இலக்கணமே சொல்லிவிடும்படி ஒரு மொழியை ஆக்க இயலுமா? இயலும் என்று கருதி முயன்றோர் உளர். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் குக் பிரௌன் என்னும் அறிஞர் ‘லாக்லன்’ என்ற செயற்கை மொழி ஒன்றை அமைக்கத் தொடங்கினார். மனிதன் பேசும் மொழி அவன் எண்ணத்தின் போக்கையும் மாற்றுமா என்பது அக்காலத்தில் மொழி ஆராய்ச்சியாளரிடையே நிகழ்ந்த பெரிய விவாதம். அளவை நூலின் ஒழுங்குப்படி ஒரு மொழியை ஆக்கி, அதனைச் சிலருக்குக் கற்பித்து, அவர்கள் எண்ணும் முறை மாறுகிறதா என்று காண்பதே பிரௌனின் நோக்கம். 1960-ஆம் ஆண்டில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ என்னும் இதழில் இம்முயற்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது.

பின்னாளில் அம்மொழியின் சொற்கள் யாருக்கு உரியவை என்ற வழக்கு எழுந்தது. மொழியை விரும்பிக் கற்றவருள் ஒரு சாரார் 1987-ஆம் ஆண்டில் பிரிந்து சென்று, இலக்கண அமைப்பைப் பெரும்பாலும் அவ்வாறே வைத்துக்கொண்டு, வேர்ச்சொற்களை மட்டும் முற்றிலும் புதியனவாகப் படைத்தனர். சீனம், இந்தி, ஆங்கிலம், ரஷ்யன், ஸ்பானியம், அரபு ஆகிய ஆறு மொழிகளின் ஒலிகளைக் கலந்து அச்சொற்கள் ஆக்கப்பட்டன. அப்புது மொழியே ‘லோஜ்பன்’. அதன் இலக்கணத்தை முழுவதும் விளக்கும் நூல் ஒன்றை ஜான் கவன் என்பவர் எழுதி 1997-இல் வெளியிட்டார். அம்மொழியைப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் சுட்டுப்பெயர்களைப் பற்றி அது வகுத்துள்ள விதிகள், எம்மொழியைப் பேசுவோரும் எண்ணிப்பார்க்கத் தக்கவை.

லோஜ்பனில் வினைக்குரிய சொல் ஒவ்வொன்றும் தனக்கென்று சில இடங்களை உடையது. ‘துந்த’ என்பது கொடுத்தலைக் குறிக்கும் சொல். அதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலிடம் கொடுப்பவனுக்கு உரியது; இரண்டாமிடம் கொடுக்கப்படும் பொருளுக்கு உரியது; மூன்றாமிடம் பெறுபவனுக்கு உரியது. ‘மி துந்த டி தொ’ என்றால் ‘நான் இதனை உனக்குக் கொடுக்கிறேன்’ என்பது பொருள். ‘ஐ’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபுகள் அங்கு இல்லை. வரிசையே வேற்றுமையைக் காட்டிவிடும். ஓரிடத்தில் எதையும் சொல்லாமல் விட்டுவிட்டால், அங்கு ‘ஜொஹெ’ என்னும் சொல் மறைந்து நிற்பதாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. ‘ஏதோ ஒன்று, அதனைச் சொல்லத் தேவையில்லை’ என்பது அதன் பொருள். தமிழில் ‘வந்தேன்’ என்ற அளவில் நின்றால் ‘நான்’ என்பது தோன்றா எழுவாயாக நிற்கிறதன்றோ? அதனை ஒத்ததே இது. ஆனால் தமிழில் வினைமுற்றின் விகுதி எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடும். லோஜ்பனில் விகுதி இல்லாமையால், மறைந்து நிற்பது எதுவென்பது கேட்போன் கருத்திற்கே விடப்படுகிறது. ஐயத்தை ஒழிக்கப் பிறந்த மொழியிலும் ஐயத்திற்கென்று வாயில் ஒன்று திறந்தே இருக்கிறது. அவ்வாறின்றி, ஒவ்வொரு முறையும் எல்லா இடங்களையும் நிரப்பியே பேசவேண்டுமென்றால் அம்மொழியில் ஒரு நாள் பேசுவதற்குள் நா வறண்டுவிடும்.

தன்மை, முன்னிலைச் சொற்களில் தமிழ் மாணவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்போனைச் சேர்த்துச் சொல்வதற்கும் விலக்கிச் சொல்வதற்கும் ஒரே சொல்தான். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்போனும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் அவன் வெளியே. ‘நாளை நாங்கள் விருந்துக்குச் செல்கிறோம்’ என்று சொல்வோனிடம், ‘நானும் வரட்டுமா?’ என்று கேட்பவன் சற்றுத் தயங்கியே கேட்பான். லோஜ்பனும் இவ்வேறுபாட்டைக் கொண்டுள்ளது; இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ‘மிஹொ’ என்றால் நானும் நீயும் மட்டுமே. ‘மிஹ’ என்றால் நானும் பிறரும், நீ இல்லை. ‘மஹ’ என்றால் நானும் நீயும் பிறரும். தமிழின் ‘நாம்’ முதலாவதையும் மூன்றாவதையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. சுட்டிலும் இவ்வாறே ஓர் ஒற்றுமை உண்டு. ‘டி’ என்பது பேசுவோன் அருகில் இருப்பது. ‘ட’ என்பது கேட்போன் அருகில் இருப்பது. ‘டு’ என்பது இருவருக்கும் சேய்மையில் இருப்பது. ‘இ’, ‘அ’ என்னும் சுட்டுகளோடு ‘உ’ என்னும் மூன்றாவது சுட்டும் தமிழிலக்கணத்தில் உண்டு. ‘உது’, ‘உவன்’ என்ற அச்சொற்களை யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் கேட்கலாம்.

இனி, கடிதத்தின் ‘அவன்’ என்ற சிக்கலுக்கு வரலாம். முன்பு சொன்ன ஒன்றை மீண்டும் சுட்டுவதற்கு லோஜ்பனில் ‘ரி’ என்னும் சிறு சொல் உண்டு. இதற்கு முன் சொல்லி முடிக்கப்பட்டவற்றுள் இறுதியானது எதுவோ, அதனை அது குறிக்கும். ‘கண்ணன் வேலனைக் கண்டான், ரி சிரித்தான்’ என்றால் சிரித்தவன் வேலன். கண்ணன் சிரித்தான் என்று கொள்ள வழியே இல்லை. ‘ரி’ ஆண், பெண் என்ற பாலும் காட்டாது. ஒருமை, பன்மையும் காட்டாது. பால் காட்டும் விகுதியால் ஐயம் தீர்க்கும் வழி அம்மொழிக்கு இல்லாமையால், அது வரிசையையே முழுவதும் நம்பியிருக்கிறது. கண்ணனைக் குறிக்கவேண்டுமாயின் ‘ர’ என்னும் சொல்லை இடவேண்டும். இறுதியானது அல்லாத, அதற்கு முற்பட்ட ஒன்றை அது குறிக்கும். இன்னும் முன்னே செல்ல ‘ரு’ உண்டு. ‘ர’வும் ‘ரு’வும் ‘ரி’யைப் போல ஒன்றையே திட்டமாகக் காட்டுவன அல்ல, முற்பட்டவற்றுள் எது என்பதைக் கேட்போனே இடம் நோக்கி உணரவேண்டும். துல்லியமே வேண்டுமென்போர் ‘ரி’யோடு எண்ணைச் சேர்த்து, இறுதியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிச் சொல்லவும் இலக்கணம் இடந்தருகிறது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னோக்கி எண்ணிக்கொண்டிருக்க எத்தனை பேரால் இயலும்?

‘சொல்லி முடிக்கப்பட்டவற்றுள்’ என்ற சொற்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ‘கண்ணன் ரியின் தந்தையை விரும்புகிறான்’ என்ற வாக்கியத்தில் ‘ரி’ யார்? ‘ரியின் தந்தை’ என்ற தொடர் இன்னும் முடியவில்லை. ஆகவே அது தன்னையே சுட்டிக்கொள்ள இயலாது. முடிந்து நிற்பது ‘கண்ணன்’ ஒன்றே. எனவே கண்ணன் தன் தந்தையை விரும்புகிறான் என்பது பொருள்.

இவ்விதியைக் கடிதத்தின் வரிக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விந்தை தோன்றும். கண்ணன், வேலனுக்கு, செய்தி என்ற வரிசையில் சொன்னால், செய்தி தொடங்குவதற்குமுன் இறுதியாக முடிந்து நிற்பவன் வேலன். ஆகவே செய்தியில் வரும் ‘ரியின் தந்தை’ வேலனுடைய தந்தை. கண்ணன், செய்தி, வேலனுக்கு என்று வரிசையை மாற்றிவிட்டால், ‘ரி’யைச் சொல்லும்போது வேலன் பெயர் இன்னும் நாவில் எழவே இல்லை. ஆகவே நோயுற்றவர் கண்ணனுடைய தந்தை ஆகிவிடுகிறார். சொற்கள் அவையே, ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இடம் மாறியதால் நோயாளி மாறிவிட்டார்! அம்மொழியைக் கற்போர் இடறி விழும் இடங்களுள் இது ஒன்று. விதி ஐயத்தைப் போக்கிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் முன்பு கேட்போன் சுமந்த சுமையை இப்போது பேசுவோன் தலையில் ஏற்றிவைக்கிறது. முன்பு ‘இவர் யாரைச் சொல்கிறார்?’ என்று கேட்போன் கலங்கினான்; இப்போது ‘நான் யாரைச் சொல்லிவிட்டேன்?’ என்று பேசுவோன் எண்ணவேண்டியிருக்கிறது.

நீண்ட உரைக்கு வேறொரு வழி உண்டு. ‘கொஹ’ என்பது எதனையும் குறிக்காத ஒரு வெறுஞ்சொல். அதன் இறுதி உயிர் மாறிவரும் உருவங்களோடு ஐந்து. ‘ஃபொஹ’ என்பதும் அவ்வாறே ஐந்து. ஆகப் பத்துச் சொற்கள் இத்தகையன. கண்ணனைக் ‘கொஹ’ என்க என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பின்னர் அச்சொல் கண்ணனையே குறித்து நிற்கும். இடையில் எத்தனை பெயர்கள் வந்தாலும் மாறாது. கணித வகுப்பில் ‘முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் க என்க’ என்று தொடங்குவதும் இதுவே. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவோர், சகோதரர் மூவரை முதலில் பெயர் சொல்லி விவரித்து, பின்னர் ‘1-ஆவது நபர்’, ‘2-ஆவது நபர்’ என்றே எழுதிச் செல்வதும் இதுவே. ‘அவருக்கு’ என்று ஒரு சொல்லை அங்கே எழுதிவிட்டால், கிணற்றுப் பங்கு யாருக்கு என்று இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறவேண்டிவரும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

ஆனால் பத்திரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பேச்சைத் திருப்பிப் பார்க்க இயலாது. நான்கு பேரைப் பற்றிய கதையில் நான்கு வெறுஞ்சொற்களை யாருக்கு யாரென்று நினைவில் வைத்தல் எளிதன்று. ஆகவே பெயரின் முதலெழுத்தையே சுட்டுப்பெயராகக் கொள்ளும் வழக்கத்திற்கும் லோஜ்பன் இடந்தருகிறது. ககரம் என்றால் கண்ணன். வகரம் என்றால் வேலன். நினைவிற்கு இது எளிது. கண்ணனோடு கந்தனும் கதைக்குள் வந்துவிட்டால் பழைய தொல்லையே திரும்பிவிடும்.

முழு வாக்கியத்திற்கே பதிலாக நிற்கும் சொல்லும் உண்டு. அதனைத் தமிழெழுத்தில் ‘கொஹி’ என்று எழுதலாம்; அதன் ககரம் ‘சங்கு’ என்பதில் உள்ள ககரம்போல் ஒலிக்கும். ‘நீ செல்கிறாயா?’ என்று வினவினால், ‘கொஹி’ என்பது விடை. முந்தைய வாக்கியத்தை அது அப்படியே மீண்டும் சொன்னதாகக் கொள்ளப்படும். ‘வந்தாயா?’ என்ற வினாவிற்கு ‘வந்தேன்’ என்று விடையளிக்கும் தமிழ் வழக்கிற்கு இது அண்மையானது. ஆனால் வினாவில் இருந்தது ‘நீ’. அதனையே திருப்பிச் சொன்னால் விடையும் ‘நீ செல்கிறாய்’ என்று ஆகிவிடாதா? ஆகாது. ‘கொஹி’ திருப்பிச் சொல்வது சொற்களை அன்று. அச்சொற்கள் குறித்த ஆட்களை. வினாவின் ‘நீ’ யாரைக் குறித்ததோ, அவனே விடையிலும் நிற்கிறான். அவன் வாயில் அது ‘நான்’ ஆகிறது.

இவ்வாறு பெயர் ஏற்ற சொற்கள் எத்தனை காலம் அப்பெயரைச் சுமந்து நிற்கும்? வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வரையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒருங்கே அழித்துவிட விரும்பினால் ‘தஹொ’ என்று சொன்னால் போதும். கண்ணனும் வேலனும் அவர்கள் தந்தையரும் தத்தம் சொற்களைவிட்டு இறங்கிவிடுவர். சொற்கள் பழையபடி வெறுமையாக, அடுத்த கதைக்குக் காத்து நிற்கும்.