தண்ணீர் கேனும் முதுகெலும்பும்

பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பதால், ‘இடுப்பு பிடிச்சிருச்சு’ என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். என்ன செய்தபோது பிடித்தது என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில், தண்ணீர் கேன். 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 20 கிலோ. இடுப்பில் இறங்கும் சுமையோ அதைப்போலப் பல மடங்கு. எத்தனை மடங்கு என்பது நாம் தூக்குகிற விதத்தைப் பொறுத்தது.

முதுகை நிமிர்த்தும் தசைகள், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வான டிஸ்க்கின் மையத்துக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் இருந்துதான் இழுக்கின்றன. கேனை 60 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால், அவை 12 மடங்கு, அதாவது 240 கிலோவுக்கு ஈடாக இழுக்கவேண்டும். உடம்போடு அணைத்து 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 120 போதும். மேலுடம்பின் எடை இதில் சேரவில்லை.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர் வில்கேவின் குழு, ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் உணர்கருவி பொருத்தி அழுத்தத்தை அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

தூக்கும்போது: கேனுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்குங்கள். கேன் உடம்பை உரசியே மேலே வரட்டும். திரும்பவேண்டுமானால் பாதத்தோடு திரும்புங்கள். இடுப்பு முள்ளெலும்புகள் குனிய, நிமிர நன்றாக இடம்கொடுக்கும். ஒவ்வொன்றும் சுழல்வது ஓரிரு டிகிரிதான்.

காலையில்: படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சிப் புடைக்கிறது. அதனால்தான் மாலையைவிடக் காலையில் நம் உயரம் ஒன்றரை செ.மீ. வரை கூடுதல். ஊறிய டிஸ்க் குனியும்போது அதிகமாக இறுகும். எழுந்தவுடன் கேனை மாற்றாதீர்கள். காபி குடித்து, கொஞ்ச நேரம் நடமாடிவிட்டுத் தூக்கலாம்.

உட்காரும்போது: ‘நிமிர்ந்து உட்கார்’ என்று யாரையும் நான் அதட்டுவதில்லை. பெரியவர்களின் டிஸ்க்குக்கு ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது; சத்து மேல்கீழ் எலும்புகளிலிருந்து மெல்லக் கசிந்துதான் வரவேண்டும். அசைவு அதற்கு உதவும். எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும் அசையாமலிருந்தால் முதுகு நோகும். அரைமணிக்கொரு தடவை எழுந்து நடங்கள்.

ஸ்கேன் பார்க்கும்போது: “ஜவ்வு தேஞ்சிருச்சாமே சார், இனிமே எதையும் தூக்கக்கூடாதா?” என்று பயந்து வருகிறார்கள். 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. தலையில் நரை விழுவதுபோல அதுவும் வயதின் அடையாளமே. வலி தணிந்ததும் சிறிய எடையில் தொடங்கி மறுபடி தூக்கப் பழக்குகிறேன். பயந்து ஒதுங்கியே இருந்தால் தசை இளைத்து, சின்னச் சுமைகூடப் பாரமாகிவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ பிசியோதெரபி பக்கம் வரவேண்டாம். அன்றைக்கே, அந்த நேரமே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.