கிராமப் பள்ளிக்கூடத்தில் கணித போதனை

(மண்டகப்பட்டு முதலிய செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு)

கிராம அபிவிருத்தி என்றவுடன் கிணறு, சாலை, விதை, எரு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கணித அறிவை அவ்வரிசையில் நாம் சேர்ப்பதில்லை. அவ்வறிவின்மையால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

அங்கத்தினர் ஒருவருக்கு ரூ. 12,000 கடன் வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கத்தில் வட்டி 7 என்கிறார்கள். ஊரில் லேவாதேவி செய்பவர் 2 வட்டி என்கிறார். இரண்டு, ஏழினும் சிறிது என்று எண்ணி அவர் லேவாதேவிக்காரரிடம் செல்கிறார். சங்கத்தின் 7 என்பது நூறு ரூபாய்க்கு ஒரு வருஷத்து வட்டி. லேவாதேவிக்காரரின் 2 என்பது நூறு ரூபாய்க்கு ஒரு மாத வட்டி. எட்டு மாதத்தில் கடனைத் தீர்ப்பதானால் சங்கத்துக்குச் சேரவேண்டிய வட்டி ரூ. 560, மற்றவருக்குச் சேரவேண்டியது ரூ. 1,920. வித்தியாசம் ரூ. 1,360.

இந்த நஷ்டத்தை அடைபவர் பள்ளியிற் படித்தவராகவே இருக்கலாம். நூற்று வீதக் கணக்குகளை வகுப்பில் சரியாகப் போட்டுமிருக்கலாம். ஆயினும் கரும்பலகையிற் கண்ட கணக்கும் கடன் பத்திரத்திற் காணும் கணக்கும் ஒன்றே என்பது அவருக்குத் தோன்றவில்லை. இக்குறை நீங்க இரண்டு காரியங்கள் வேண்டும். குழந்தையின் எண்ணம் செல்லும் வழியை அறிந்து போதிக்க உபாத்தியாயர் பயிற்சி பெறவேண்டும். தம் தொழிலில் வழங்கும் கணக்கைப் பெற்றோர் பள்ளிக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையாயின் பயன் பாதியே.

முற்காலத்துக் கல்வி

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்களையும் பின்னங்களையும் கற்பிக்கப் பொன்னிலக்கமும், தானிய அளவுகளைக் கற்பிக்க நெல்லிலக்கமும், பெருக்கல் வாய்பாடாகிய எண்சுவடியும் இருந்தன. மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றை மனப்பாடம் செய்த பிள்ளை, நெல் அளக்கும் களத்திலும் கடையிலும் உடனே பயன்படுத்தக்கூடிய கணக்கைக் கற்றான்.

இம்முறையில் குறைகளும் இருந்தன. மனப்பாடமே மிகுந்திருந்தது. பெண் குழந்தைகளும், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் குழந்தைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் இடம்பெறவில்லை. ஆகவே பழைய பள்ளியை அப்படியே மீட்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. கணக்கும் ஊர்த்தொழிலும் ஒன்றையொன்று அறிந்திருந்த அந்த உறவே நாம் மீட்கத்தக்கது. 1957-ம் வருஷம் தசம நாணயமும், அதனையடுத்து மெட்ரிக் அளவுகளும் வந்தபின், பாட்டன் அறிந்த அளவு வேறு, பேரன் படிக்கும் அளவு வேறு என்றாகி அவ்வுறவு மேலும் தளர்ந்தது.

உபாத்தியாயர் பயிற்சி

சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ல் நாட்டுக் கல்வியைப்பற்றி விசாரணை செய்வித்தார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். உபாத்தியாயர்களின் சொற்ப வருமானத்தையும் பெற்றோரின் வறுமையையும் அவர் குறைகளாகக் காட்டி, சென்னையில் உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்கவும் திட்டமிட்டார். 1827-ல் அவர் காலமானபின் அத்திட்டம் தளர்ந்தது. 1856-ல் சென்னையில் அரசாங்க உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி தோன்றி, பின்னர் சைதாப்பேட்டைக்கு மாறியது. 1986-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை யொட்டி ஜில்லாதோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் அமைந்தன.

பயிற்சி நிலையம் இருப்பது மட்டும் போதாது. அங்கே எது பயிலப்படுகிறது என்பதே முக்கியம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் குழந்தை 35 என்று எழுதுகிறது. இது கவனக்குறைவன்று. 2-இலிருந்து 7 போகாதென்று கண்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியது. பிறகு 4-இலிருந்து 1-ஐக் கழித்து 3 என்றது. தவறாயினும் அதில் ஒரு யோசனை இருக்கிறது. அதனை அறியாத உபாத்தியாயர் தவறென்று குறியிட்டு மேலே செல்வார். அறிந்தவர், பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் குழந்தையின் கையிற் கொடுத்து, “பதினேழு கொடு” என்பார். ஒரு கட்டை அவிழ்த்தாலன்றி ஏழு குச்சி கொடுக்க இயலாது. அவிழ்த்தால் மூன்று கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆகின்றன. கொடுத்தது போக 25 நிற்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே காணும்.

இவ்வாறே, 35 பெரிதாதலால் 2.35 கிலோ 2.5 கிலோவினும் அதிகம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. நியாய விலைக் கடைத் தராசில் இரண்டு நிறைகளையும் ஒரு முறை நிறுத்துக் காட்டினால், பத்து முறை பலகையில் எழுதுவதினும் தெளிவு உண்டாகும்.

சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005), காகித மடிப்பையும் மலிவான பொருள்களையும் கொண்டு கணிதத்தைக் குழந்தைகளுக்கு விளையாட்டாக்கியவர். ராயபுரத்தில் 1993-ல் தொடங்கிய இராமானுஜன் கணித நிலையத்திலும் அவர் இப்பணியைச் செய்தார். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமையில், 2005-ம் வருஷத்துத் தேசியப் பாடத்திட்டத்துக்காகக் கூடிய குழுவினர், கணிதத்தைப்பற்றிய அச்சத்தையும் உபாத்தியாயர்களின் பயிற்சிக் குறைவையும் பெருந்தடைகளாக எடுத்துக் காட்டினர். தமிழ்நாட்டில் 2022-ல் ஆரம்பமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், சிறு வகுப்புக் குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் போதிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது.

பெற்றோர் கடமை

“எனக்கே கணக்கு வராது, பிள்ளைக்கு எப்படி வரும்?” என்று பெற்றோர் சொல்வதுண்டு. மணிலாக் கொட்டை மூட்டைகளின் விலையை வாய்க்கணக்காகச் சொல்பவரும், களையெடுப்புக் கூலியைப் பைசா தவறாமல் பங்கிடுபவரும் இதனைச் சொல்லுதல் வியப்பே. அவ்வார்த்தை குழந்தையின் காதில் விழுதல் தகாது. அவர்கள் செய்யும் கணக்கைக் குழந்தை காணச் செய்தலே தகும்.

நம் பகுதியின் நில அளவையே நல்ல பாடமாகும். ஒரு குழி 24 அடி சதுரம், அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அது 57,600 சதுர அடி. (நிலத்தின் காணி வேறு, மேலே கூறிய பின்னத்தின் காணி வேறு.) ஒரு சென்ட் 435.6 சதுர அடியாதலால், ஒரு காணி ஓர் ஏக்கரும் 32 சென்டுக்குச் சிறிது மேலும் ஆகும். பாட்டனார் குழியைச் சொல்ல, பேத்தி சென்டைக் கண்டுபிடிப்பாளாயின் இருவரும் கற்பார்கள்.

2010 முதல் அமுலிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அக்குழு சுவருக்கும் கூரைக்கும் மட்டும் ஏற்பட்டதன்று. கொள்ளை நோயால் பள்ளிகள் மூடியிருந்ததனால் உண்டான கல்வி இழப்பை ஈடுசெய்ய, ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி நம் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த மரக்காணத்தை யடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. உள்ளூர்த் தொண்டர்கள் மாலை வேளையில் குழந்தைகளுக்குப் போதித்தனர். பள்ளிக்கு வெளியே ஊராரும் கல்விக்கு உதவ இயலும் என்பதற்கு அது சான்று.

குகைக் கோவிலில் ஒரு பாடம்

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோவிலை யாவரும் அறிவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவர்க்கும் அஃது அமைந்ததென அங்குள்ள சாசனம் கூறுகிறது. அதன் தூண்கள் மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. சதுரத்தின் நான்கு மூலைகளையும் எவ்வளவு செதுக்கினால் எட்டுப் பக்கங்களும் சமமாகும்? இதனைக் காகிதத்தில் வெட்டிப் பார்க்கும் பிள்ளை வடிவ கணிதத்தைக் கற்கிறது. தூணைக் கீறாமல் நூலால் அளந்து வரலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் கூட்டுறவைத் தொடங்கிய காலமுதல், கல்வி கூட்டுறவின் கடமைகளில் ஒன்றாக எண்ணப்பட்டு வருகிறது. நம் சங்கங்கள் அதிகச் செலவின்றிச் செய்யத்தக்கவை:

1. மாதம் ஒரு முறை மேல்வகுப்புப் பிள்ளைகளைச் சங்கத்துக்கு அழைத்து, பெயர் நீக்கிய மாதிரிப் பாஸ் புத்தகத்தைக் கொண்டு வட்டி கணக்கிடச் செய்தல்.

2. தராசும் எடைக் கற்களும் பள்ளிக்கு ஒரு நாள் இரவல் தருதல்.

3. பொது நன்மை நிதி உள்ள சங்கம், விதிகளுக்குட்பட்டு, அளவு நாடா, மணிச்சட்டம் முதலியவற்றைப் பள்ளிக்கு வாங்கித் தருதல்.

4. உபாத்தியாயர் பயிற்சிக்குச் சென்று திரும்பியதும், கற்றுவந்த ஒரு முறையைப் பெற்றோர் முன்னிலையில் செய்து காட்டும்படி அவரை மரியாதையுடன் வேண்டுதல்.

அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. ரூ. 5,000 நகைக் கடனுக்கு மாதம் ஒன்றரை வட்டி ஓரிடத்தில். வருஷம் 12 வட்டி மற்றோரிடத்தில். பத்து மாதத்துக்கு எது எவ்வளவு குறைவு?

2. 75 கிலோ நெல் மூட்டையின் விலை ரூ. 1,500. வியாபாரி மூட்டைக்கு 2 கிலோ கழிவு பிடித்தால் 12 மூட்டைக்கு எவ்வளவு ரூபாய் நஷ்டம்?

3. நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் சென்ற கூட்டத்தில் குழந்தைகளின் கணிதத்தைப்பற்றி எவரேனும் பேசினரா?

முதலிரண்டு வினாக்களுக்கும் விடையை அங்கத்தினர்களின் குழந்தைகளே கூட்டத்துக்கு வந்து, செய்த வழியுடன் சொல்லும்படி ஏற்பாடு செய்க.