டி-சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருப்பதி மாவட்டத்தில் காளங்கி ஆற்றங்கரையில் அமைந்துள்ள சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் நுழைவாயிலாக நாடறிந்த ஊர். அதனைச் சூழ்ந்துள்ள கிராமங்களின் வாழ்வோ நெல் வயல்களையும் பழவேற்காடு ஏரியின் மீன்வளத்தையும் சார்ந்தது. இவ்வட்டாரத்தில் புதிய நெல் விதையொன்றைப் பரப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியுள்ளதாகக் கொள்வோம். உழவர் பதின்மர் தத்தம் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பழைய விதையையும் மறு பாதியில் புதிய விதையையும் விதைக்கின்றனர். அறுவடையின்போது இருபது எடைகள் கிடைக்கின்றன. அவற்றைக் கணிப்பொறியில் பதிவு செய்தவுடன், எவ்வகை டி-சோதனை வேண்டும் என்று மென்பொருள் கேட்கிறது. தவறான விடையளித்தால் நல்ல விதை கைவிடப்படலாம். பயனற்ற விதைக்கு மானியம் செலவாகலாம். சரியான விடையைக் காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனை பிறந்த கதை

டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவர், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் எழுதிய கட்டுரையே இச்சோதனையின் தோற்றுவாய். வாற்கோதுமை போன்ற மூலப்பொருள்களைப் பற்றி ஒரு சில மாதிரிகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. மாதிரி சிறிதாயின் அதிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கமும் உறுதியற்றதாகிறது. அந்த உறுதியின்மைக்கும் இடமளிப்பதே அவர் கண்ட முறையின் சிறப்பு. சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே டி-மதிப்பு.

மூன்று வகைகள்

முதலாவது, ஒரே மாதிரியின் சராசரியைக் குறித்ததோர் அளவுடன் ஒப்பிடுவது. யூரியா மூட்டையின் எடை 2018 முதல் 45 கிலோ என வரையறுக்கப்பட்டுள்ளது. சில மூட்டைகளை எடுத்து நிறுத்து, அவற்றின் சராசரி 45 கிலோவுக்கு ஒத்துள்ளதா என்று பார்ப்பதற்கு இவ்வகை பொருந்தும்.

இரண்டாவது, இணைச் சோதனை. ஒரே உழவரின் இரு பாதி வயல்கள், ஒரே குழந்தையின் சத்துணவுக்கு முந்திய எடையும் பிந்திய எடையும் ஆகியவை இணைகள். இங்கு ஒவ்வோர் இணையின் வேறுபாட்டையும் கண்டு, அவ்வேறுபாடுகளின் சராசரி சுழியிலிருந்து விலகியுள்ளதா என்று பார்க்கிறோம்.

மூன்றாவது, ஒன்றையொன்று சாராத இரு குழுக்களின் சோதனை. பதின்மர் பழைய விதையையும் வேறு பதின்மர் புதிய விதையையும் பயிரிட்டிருந்தால் இதுவே உரியது. இதிலும் இரு பிரிவுகள் உண்டு. இரு குழுக்களின் சிதறலும் சமம் எனக் கொள்வது பழைய முறை. சமமெனக் கொள்ளாதது வெல்ச் என்பவர் 1947-இல் விளக்கிய முறை. சிறிய குழுவில் சிதறல் மிகுந்திருக்கும்போது பழைய முறை இல்லாத வேறுபாட்டை உள்ளதாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். எனவே ஐயம் எழுமிடத்து வெல்ச் முறையைக் கைக்கொள்வதே பாதுகாப்பானது.

ஒரே எண்கள், இரு முடிவுகள்

கோசெட் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கையாண்டவை, குஷ்னி, பீபிள்ஸ் ஆகிய இருவர் 1905-இல் வெளியிட்ட எண்கள். பத்து நோயாளிகளுக்கு இரு மருந்துகள் வெவ்வேறு நாள்களில் கொடுக்கப்பட்டன. முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி நேரமும், இரண்டாவதால் 2.33 மணி நேரமும் கூடுதல் உறக்கம் கிடைத்தது. வேறுபாடு 1.58 மணி.

இவற்றைச் சாராத இரு குழுக்களாகக் கருதினால் டி-மதிப்பு 1.86; மருந்துகளிடையே உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.079. நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான எல்லையை இது தாண்டுவதால், வேறுபாடு உறுதிப்படவில்லை என்று அறிக்கை எழுத நேரும். இணைகளாகக் கருதினால் டி-மதிப்பு 4.06, நிகழ்தகவு 0.003-க்கும் குறைவு. வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. இயல்பாகவே ஒருவர் நன்கு உறங்குவார், மற்றொருவர் உறங்கமாட்டார். அந்த ஏற்றத்தாழ்வை இணைச் சோதனை நீக்கிவிடுகிறது. சூளூர்பேட்டை வயல்களில் மண்வளமும் நீர்வசதியும் உழவருக்கு உழவர் வேறுபடுவதும் இதைப் போன்றதே.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை

எக்செல்லில் வகை 1 என்பது இணைச் சோதனை. வகை 2 சமச் சிதறல். வகை 3 சமமற்ற சிதறல். ஆர் மென்பொருள், வேறு கட்டளை தராவிடில், வெல்ச் முறையையே பின்பற்றும். எஸ்.பி.எஸ்.எஸ். சாராத குழுக்களுக்கு இரு முறைகளின் முடிவுகளையும் இரு வரிகளில் தரும்.

இணைத் தரவில் ஒவ்வொரு வரியும் ஓர் உழவருக்கு உரியது. ஒரு நிரலை மட்டும் ஏறுவரிசைப்படுத்தினால் இணைகள் சிதைந்துபோகும். மென்பொருள் எச்சரிக்கை ஏதும் தராது. ஒருபக்கச் சோதனையா இருபக்கச் சோதனையா என்பதையும் எண்களைக் காணுமுன்பே முடிவு செய்தல் வேண்டும். விடையைப் பார்த்தபின் ஒருபக்கத்துக்கு மாறுவது நிகழ்தகவைப் பாதியாக்கிக் காட்டும் பிழையாகும். மாதிரி மிகச் சிறிதாக இருந்து, ஓரிரு எண்கள் மட்டும் பெரிதும் விலகி நின்றால், வில்காக்சன் தரவரிசைச் சோதனையையும் செய்து பார்ப்பது நன்று.

சோதனையால் இயலாதது

1930-இல் ஸ்காத்லாந்தின் லானார்க்ஷயரில் சுமார் 20,000 பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு பால் ஊட்ட ஆய்வு ஒன்று நடைபெற்றது. பாதிப் பேருக்குப் பால் வழங்கப்பட்டது, மற்றவர்களுக்கு இல்லை. குழுக்களைச் சரிசெய்ய ஆசிரியர்களுக்கு இடமளிக்கப்பட்டிருந்ததால், மெலிந்த குழந்தைகள்பால் கொண்ட இரக்கத்தால் அவர்களைப் பால் பெறும் குழுவில் மிகுதியாகச் சேர்த்துவிட்டனர் போலும். தொடக்கத்திலேயே அக்குழு உயரத்திலும் எடையிலும் பின்தங்கி நின்றது. 1931-இல் இக்குறையைச் சுட்டிய கோசெட், ஒரே கருவில் பிறந்த 50 இரட்டையர் இணைகளைக் கொண்டே, மிகக் குறைந்த செலவில், இதனினும் நம்பகமான விடை கண்டிருக்கலாம் என்றார்.

ஆகவே எந்தச் சோதனை என்ற வினாவுக்கு விடை, எண்கள் திரட்டப்பட்ட விதத்தில்தான் உள்ளது. எந்த எடை எந்த உழவருடையது, எந்தப் பாதிக்கு எந்த விதை, அது சீட்டுக் குலுக்கலால் முடிவு செய்யப்பட்டதா என்பனவற்றை வயலில் நிற்கும் அலுவலரே அறிவார். அவற்றைக் குறிப்பேட்டில் அன்றே எழுதி வைத்தால், மென்பொருளின் கேள்விக்கு விடையளிப்பது எளிதாகும். எழுதாமல் விட்டால், பின்னர் எந்தக் கணிப்பொறியாலும் அதனை மீட்டுத்தர இயலாது.