ஸ்கூட்டர் இரைகிறது, மேடு ஏறவில்லையா?

மீன்பெட்டியோடு குமரி மாவட்டக் கடலோர இனயத்திலிருந்து கருங்கல் பக்கம் போகும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு வழக்கமாக வரும் தொல்லை இது.

1. முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் பெல்ட்டோ கிளட்சோ வழுக்குகிறது. இரைச்சலே அடங்கினால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல், காற்று பக்கம்தான்; பெல்ட்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

2. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உப்புக்காற்றில் துருவேறி பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது.

3. இடப்பக்க மூடியைக் கழற்றி பெல்ட்டைப் பாருங்கள். பல்லிடுக்கில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவு, பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். அகலம் தேய்ந்த பெல்ட் புல்லியைப் பிடிக்காது. 20,000 கி.மீ. தாண்டிய வண்டியில் அறிகுறிக்குக் காத்திருக்காமலே பார்ப்பது நல்லது; நடுவழியில் அறுந்தால் தள்ளத்தான் வேண்டும், பெட்டியில் மீன் வேறு!

4. பெல்ட்டில் எண்ணெய்ப் பசையா? துடைத்தால் தீராது, கசியும் சீலையும் மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவவே கூடாது, ரப்பர் கெடும்.

5. கிளம்பும்போது உதறினால் கிளட்ச் ஷூவை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். மேலே படிந்த பளபளப்பு போனால் பிடிப்பு வரும். தூசியை ஊதாதீர்கள்.

6. கடல் சீறும் நாளில் ரோட்டில் ஏறிய தண்ணீருக்குள் ஓட்டினீர்களா? மூடியைத் திறந்து துடையுங்கள். ஈரம் காய்ந்துவிடும், உப்பு புல்லியை அரிக்கும்.

7. புல்லி நட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டாதீர்கள். புல்லியின் இறக்கை உடையும். அதற்குரிய பிடிகருவி உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். பெல்ட் மாற்றும்போதே புல்லிக்குள் இருக்கும் ரோலர்களையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: ஒருபக்கம் தட்டையாகியிருந்தால் அவையும் மாற்ற வேண்டியவையே.