கருத்துக்குப் பெயரிடுதல்

நுழையும்முன்

கல்லையும் மரத்தையும் கண்ணால் கண்டு பெயரிடலாம். கணினி நிரலில் இயங்கும் கருத்துகளுக்கு உருவம் இல்லை. பெயரே அவற்றை அறியும் முதல் வழி. அப்பெயர் தெளிவாக அமைவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காரணம் மறைந்த பெயர்கள்

பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். காரணம் கருதாது வழங்கும் மரம் என்பது இடுகுறிப்பெயர். இப்பாகுபாடு நிரல்மொழிகளை ஆராயவும் துணைபுரிகிறது.

கணித்தலைச் செயற்கூறுகளின் இணைப்பாகக் காண்பது செயற்கூறு நிரலாக்கம். அதற்கு வழிகோலிய லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கினார். அம்மொழியில் பட்டியலின் முதல் உறுப்பைத் தருவது 'கார்'. எஞ்சியவற்றைத் தருவது 'குடர்'. ஐபிஎம் 704 கணினியின் நினைவகப் பகுதிகளைக் குறித்த ஆங்கிலத் தொடர்களின் சுருக்கங்களே இவை. அக்கணினி மறைந்தது, பெயர்கள் நிலைத்தன. காரணப்பெயராகப் பிறந்தவை, பின்வந்தோர்க்கு இடுகுறியாக மாறின. 1990இல் வெளிவந்த ஹாஸ்கெல் மொழியோ, தலை, வால் எனப் பொருள்படும் 'ஹெட்', 'டெயில்' ஆகியவற்றை ஏற்றது. கருவியைச் சார்ந்த பெயர் கருவியோடு பொருளிழக்கும். செயலைச் சார்ந்த பெயர் நிலைக்கும்.

பழகிய சொல் தரும் மயக்கம்

எளிய சொல் எல்லாம் தெளிவான சொல் ஆகிவிடாது. மதிப்பெண் பட்டியலிலிருந்து 35க்குக் குறையாதவற்றை மட்டும் பெற உதவும் செயற்கூறு 'ஃபில்டர்', அதாவது வடிகட்டி. தேநீரை வடிகட்டும்போது கீழே இறங்குவதைக் கொள்கிறோம். சோற்றை வடிக்கும்போது பானையில் தங்குவதைக் கொள்கிறோம். அவ்வாறாயின், நிபந்தனைக்கு உட்பட்டவை தங்குமா, நீங்குமா? பெயர் இவ்வினாவுக்கு விடை கூறவில்லை. தங்கும் என்பதைக் கற்போர் தனியே நினைவில் கொள்ள வேண்டியுள்ளது. ரூபி மொழி, தெரிந்தெடுத்தல், விலக்குதல் எனப் பொருள்படும் 'செலக்ட்', 'ரிஜெக்ட்' என்னும் இரு பெயர்களால் இம்மயக்கத்தைத் தீர்க்கிறது.

தெளிவின் அளவுகோல்

நிரலை எழுதுபவர் ஒருவர். பின்னாளில் படித்துத் திருத்துபவர் பலர். பெயரைத் தவறாக உணர்ந்தவர், தேர்ச்சி பெற்றோரை விலக்கித் தேர்ச்சி பெறாதோரைப் பட்டியலிட்டுவிடலாம். கணினி பிழை சுட்டாது. மாணவர் ஒருவரின் வாய்ப்புப் பறிபோகும். ஆகவே பெயரிடுவோர், 'இது எதைத் தருகிறது?' என வினவி, அவ்விடையையே பெயராக்குதல் வேண்டும். பொருந்தும் சொல் அமையாதபோது, தவறான பொருள் தரும் பழகிய சொல்லைவிட, விளக்கத்துடன் கூடிய புதிய சொல்லே நன்று.

சிந்தனை வினா

'சரிபார்' என்று ஒரு செயற்கூறுக்குப் பெயரிட்டால் எழும் ஐயங்கள் யாவை? தெளிவான வேறு இரு பெயர்களைத் தருக.